வாசகம் வாசிக்கப் போகிறீர்களா? திருப்பலி வாசகருக்கு ஒரு தொடக்கப் பாடம்

அடுத்த ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகத்தை (விவிலியப் பகுதியை) நீங்கள் வாசிக்க வேண்டும் என்று உங்கள் பங்குக் கோவிலில் சொல்லிவிட்டார்கள். தமிழ் படிக்கத் தெரியும், மைக் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. இதில் பழக என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கோவிலில் உட்கார்ந்து கேட்பவரின் பக்கம் போய் நின்று பாருங்கள். அவர் கையில் புத்தகம் இல்லை. விட்டுப்போன சொல்லைத் திருப்பிப் பார்க்க வழியில்லை. உங்கள் வாயிலிருந்து கிளம்பி அவர் காதுக்கு எது போய்ச் சேர்ந்ததோ, அவ்வளவுதான் அவருக்கு அன்றைய இறைவாக்கினர் எசாயா.

வாசகப் பணியின் விதிகளையும் பழக்கங்களையும் இந்த நிலைமையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் எதுவும் சடங்காகத் தெரியாது.

இது யாருடைய பணி?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, திருச்சபையில் மறைநூல் வாசிக்கப்படும்போது கிறிஸ்துவே பேசுகிறார் என்கிறது (எண் 7). வாசிப்பதைத் திருப்பலி நிறைவேற்றும் குருவுக்குரிய வேலையாகத் திருச்சபை வைக்கவில்லை. குருவே பீடத்தில் இருந்தாலும் நற்செய்திக்கு முந்திய வாசகங்களை வேறொருவர் வாசிப்பதுதான் முறை. நற்செய்தி மட்டும் திருத்தொண்டருக்கு (குருவுக்கு அடுத்த படியில் திருநிலைப்படுத்தப்பட்டவருக்கு) உரியது; அவர் இல்லாவிட்டால் குரு வாசிப்பார்.

இது நேற்று வந்த ஏற்பாடு அல்ல. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் புனித யுஸ்தின் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போது, திருத்தூதர்களின் நினைவேடுகளோ இறைவாக்கினர்களின் எழுத்துகளோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படும் என்றும், வாசிப்பவர் முடித்தபின் தலைவர் அறிவுரை கூறுவார் என்றும் எழுதுகிறார். வாசிப்பவர் ஒருவர், உரை தருபவர் இன்னொருவர்.

"வாசகர்" என்ற சொல் இரண்டு பேரைக் குறிக்கும். ஒருவர் ஆயரால் சடங்குமுறைப்படி அப்பணியில் அமர்த்தப்பட்டவர். 1972-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் இதைக் குருத்துவப் படிநிலையிலிருந்து பிரித்துப் பொதுநிலையினருக்கும் (குருக்களோ துறவியரோ அல்லாதவர்களுக்கும்) திறந்தார். ஆனால் ஆண்களுக்கு மட்டும். 2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபைச் சட்டம் 230-ஐத் திருத்திப் பெண்களையும் சேர்த்தார். இன்னொருவர், அந்தந்த ஞாயிறுக்கென்று பங்கு ஒப்படைக்கும் ஆண் அல்லது பெண். நீங்கள் அநேகமாக இந்த இரண்டாம் வகை.

எந்த வாசகம், எந்தப் பக்கம்

வாசகங்களைப் பங்குத்தந்தை தம் விருப்பப்படி பொறுக்குவதில்லை. அவை வாசக நூலில் நாள்வாரியாகக் குறிக்கப்பட்டுள்ளன. 1969-ல் வந்த புதிய வாசக நூல் ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுற்றைக் கொண்டுவந்தது. முதலாம் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா. இவற்றை ஏ, பி, சி என்றும் சொல்வார்கள். மாற்கு சின்ன நூல் என்பதால் இரண்டாம் ஆண்டில் பொதுக்காலம் (தவக்காலம், பாஸ்கா காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத காலம்) 17 முதல் 21 வரை ஐந்து ஞாயிறுகளுக்கு யோவான் 6-ஆம் அதிகாரம் வரும்.

எது எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. ஆண்டின் எண்ணை 3-ஆல் வகுங்கள். மீதி வராவிட்டால் மூன்றாம் ஆண்டு. மீதி 1 என்றால் முதலாம் ஆண்டு. 2 என்றால் இரண்டாம் ஆண்டு. 2025 மூன்றாம் ஆண்டு, 2026 முதலாம் ஆண்டு. ஒன்றை மறந்துவிடக்கூடாது: திருவழிபாட்டு ஆண்டு சனவரியில் தொடங்குவதில்லை. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் திருவருகைக்கால (கிறிஸ்து பிறப்புக்குத் தயாரிக்கும் காலத்தின்) முதல் ஞாயிறு அன்றே அடுத்த ஆண்டின் சுற்று தொடங்கிவிடும். 2025 நவம்பர் 30-ஆம் தேதியே 2026-க்குரிய முதலாம் ஆண்டு வாசகங்கள் வந்துவிட்டன. பழைய ஆண்டின் பக்கத்தைத் திறந்து வைத்து மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த ஞாயிறில்தான்.

வார நாள்களுக்கு வேறு கணக்கு. பொதுக்காலத்தில் ஒற்றைப்படை ஆண்டில் முதல் ஆண்டு வாசகம், இரட்டைப்படை ஆண்டில் இரண்டாம் ஆண்டு வாசகம். நற்செய்தி எல்லா ஆண்டும் ஒன்றே. ஆகவே 2026-ல் ஞாயிறுக்கு முதலாம் ஆண்டு, அதே வாரம் செவ்வாய்க்கிழமைக்கு இரண்டாம் ஆண்டு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பழகியவர்களே இடறுவார்கள்.

ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் நற்செய்தியையும் சேர்த்து மூன்று வாசகங்கள், சாதாரண வார நாளில் இரண்டு. பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் அன்றைய நற்செய்திக்குப் பொருத்தமாகப் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். இரண்டாம் வாசகம் அப்படி அல்ல. அது ஒரு திருமுகத்தை (புதிய ஏற்பாட்டுக் கடிதத்தை) வாரந்தோறும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து வாசிப்பது. நற்செய்திக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். போன வாரப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள், அது உதவும். பாஸ்கா (உயிர்ப்புக்) காலத்தில் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டை விட்டுத் திருத்தூதர் பணிகள் நூலுக்குப் போய்விடும்.

வீட்டில் விவிலியத்தை வைத்துத் தயாரிக்கலாம். மேடையில் வாசக நூலிலிருந்துதான் வாசிக்க வேண்டும். வசனங்கள் இடையில் விடப்பட்டிருக்கலாம்: "1, 4-6" என்றால் 2-ஆம், 3-ஆம் வசனங்கள் இல்லை. தொடக்கத்தில் "அந்நாள்களில்", "சகோதரர் சகோதரிகளே" போன்ற சொற்கள் சேர்க்கப்பட்டிருக்கும். வசன எண்களும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியின் எசாயா பகுதி சில பதிப்புகளில் 9:1-6, சிலவற்றில் 9:2-7. சில நாள்களில் நீண்ட வாசகம், குறுகிய வாசகம் என இரண்டும் தரப்பட்டிருக்கும். எது என்று குருவிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கைப்பேசியைப் பார்த்து வாசிப்பதைத் தவிர்க்கச் சொல்வதற்கு மரியாதை ஒரு காரணம். நடுவில் திரை அணைவதும் அழைப்பு வருவதும் இன்னொரு காரணம்.

வீட்டில் செய்யவேண்டியது

திங்களோ செவ்வாயோ, உங்கள் பகுதி வரும் அதிகாரம் முழுவதையும் மௌனமாக வாசியுங்கள். யார் யாரிடம் பேசுகிறார், எந்தச் சூழலில் என்று தெரிந்துகொள்ளத்தான். இறைவாக்கினர் கடவுள் பேசுவதைச் சொல்கிறாரா, தாமே பேசுகிறாரா என்பது தெரியாமல் வாசித்தால் "நான்" யார் என்று கேட்பவருக்குக் குழப்பம் வரும்.

அடுத்து, வாய்விட்டு வாசியுங்கள். மனத்துக்குள் வாசிப்பது இதற்குக் கணக்கில் சேராது. பகுதியைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு, மூச்சு விடும் இடத்தில் ஒரு சாய்கோடு, நன்றாக நிறுத்தும் இடத்தில் இரண்டு சாய்கோடு போடுங்கள். இந்தக் குறிகளை வாசக நூலில் போடாதீர்கள். அது எல்லாருக்கும் பொது.

தமிழில் வாசிப்பவருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். மூச்சும் குரலும் தளர்வதும் அதே கடைசியில்தான். முழு வாக்கியத்தின் தலையெழுத்தையும் தீர்மானிக்கும் சொல்லை நாம் முணுமுணுப்பாக விழுங்கிவிடுகிறோம்.

திருமணத் திருப்பலிகளில் அடிக்கடி கேட்கும் 1 கொரிந்தியர் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "தன்னலம் நாடாது, எரிச்சலுக்கு இடம் கொடாது, தீங்கு நினையாது." இந்தப் பட்டியலின் உயிர் "-ஆது" என்ற ஈற்றில் இருக்கிறது. ஒவ்வொன்றின் கடைசியிலும் குரல் கவிழ்ந்தால் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டுவது தன்னலம், எரிச்சல், தீங்கு மட்டுமே. மணமக்களுக்கு இதைவிட மோசமான வாழ்த்து இருக்க முடியாது. செய்யவேண்டியது சிறியதுதான்: "நாடாது" என்று முடித்து, வாயை மூடி, ஒரு விநாடி நின்று, அடுத்ததை எடுப்பது. வேகமாக அடுக்கினால் அது கடைச் சாமான் பட்டியல். "இல்லை", "அல்ல", "வேண்டாம்" என முடியும் எல்லா வாக்கியங்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

இதே வாக்கிய அமைப்பால் இன்னொன்றும் நடக்கிறது. எசாயாவில் "காரிருளில் நடந்துவந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள்" என்று வருகிறது. "காரிருளில்" என்று சொல்லி மூச்சு விட்டால் வாக்கியம் உடைந்துபோகும். எழுவாய் "காரிருளில் நடந்துவந்த மக்கள்" என்பது முழுவதும். நிறுத்தம் "மக்கள்" என்பதற்குப் பின். அச்சில் வரி முடியும் இடமும் மூச்சு முடியும் இடமும் ஒன்றல்ல. பவுலின் நீண்ட வாக்கியங்களில் முதலில் எழுவாயையும் பயனிலையையும் பென்சிலால் வட்டமிட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு "ஆகவே", "ஏனெனில்", "ஆனால்" ஆகிய சொற்களைத் தேடுங்கள்; அவர் வாதம் திரும்பும் முனைகள் அவை.

உச்சரிப்பு தனிப் பயிற்சி. "பலி"யும் "பழி"யும், "இறை"யும் "இரை"யும், "கறை"யும் "கரை"யும் கேட்பவருக்கு வேறுவேறாக ஒலிக்க வேண்டும். "இரைவனின் வாக்கு" என்று ஒலித்தால் யாரும் எழுந்து திருத்தப்போவதில்லை, ஆனால் காது நெருடும். பெயர்கள் இதைவிடக் கடினம். க, ச, ட, த, ப ஆகிய எழுத்துகளுக்கு நம் எழுத்தில் வன்மை மென்மை வேறுபாடு கிடையாது. "கலாத்தியர்", "கிதியோன்", "பாபிலோன்" இவற்றை எப்படி ஒலிப்பது என்று எழுத்தைப் பார்த்துத் தெரியாது. முன்பே ஒருவரிடம் கேட்டு ஒரு முடிவுக்கு வாருங்கள். மேடையில் தயங்கித் தயங்கிச் சரியாகச் சொல்வதைவிட, ஒரே சீராக ஒலிப்பது நல்லது.

பெயர்களின் உச்சம் தூய ஆவியார் பெருவிழாவின் முதல் வாசகம். திருத்தூதர் பணிகள் 2-இல் பார்த்தியர், மேதியர், எலாமியர் என்று ஆரம்பித்து மெசப்பொத்தாமியா, கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா வழியாக அரேபியர் வரை போகும். இதை ஓட்டப்பந்தயமாக வாசிப்பவர்கள் அதிகம். உலகத்தின் நாலா திசையும் அங்கே கூடியிருக்கிறது என்பதுதான் செய்தி. மூன்று மூன்று பெயராகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு மூச்சு கொடுத்தால் நாக்கும் இடறாது, கூட்டமும் கண்ணில் தெரியும்.

உணர்ச்சி எவ்வளவு? நாடகம் வேண்டாம், எரேமியாவின் கோபத்தை நீங்கள் நடித்துக் காட்டத் தேவையில்லை. அதற்காகச் செய்தி வாசிப்பதுபோலத் தட்டையாகவும் வேண்டாம். சில பகுதிகளில் உணர்ச்சி சொல்லமைப்பிலேயே இருக்கும். சோதோமுக்காக ஆபிரகாம் கடவுளிடம் பேரம் பேசுவது (பொதுக்காலம் 17-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு) ஐம்பது, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று இறங்குகிறது. ஒவ்வோர் எண்ணும் தெளிவாகக் கேட்டால் போதும், அவர் எவ்வளவு தயங்கித் தயங்கிக் கேட்கிறார் என்பது தானாகவே புரியும். எண்களை விழுங்கினால் ஒரே வாக்கியத்தை ஆறு முறை சொல்வதுபோல இருக்கும்.

கோவிலில்

அரைமணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள். நூலைத் திறந்து, பக்கம் குறிக்கும் நாடா சரியான நாளில், சரியான ஆண்டில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பிறர் வைத்ததை நம்பாதீர்கள். கடைசியாகத் தொட்டவர் வேறு பக்கத்தைத் திறந்திருக்கலாம். மைக் உங்கள் உயரத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுத் தாழ்வாக இருந்தால் "ப" ஒலி வெடிக்காது. மைக்கைத் தட்டியும் ஊதியும் பார்ப்பது வழிபாடு தொடங்குமுன் முடியவேண்டிய வேலை.

பவனியில் நற்செய்தி நூலைச் சற்று உயர்த்திப் பிடித்து வரலாம். அது திருத்தொண்டரின் பணி, அவர் இல்லாவிட்டால் வாசகர் செய்வார். நூலைப் பீடத்தின்மேல் வைக்க வேண்டும். வாசக நூலைப் பவனியில் கொண்டுவருவதில்லை. அது முன்பே வாசக மேடையில் இருக்கும்.

குருவின் தொடக்க மன்றாட்டு முடிந்து "ஆமென்" சொன்னபின் எழுந்து போங்கள். மன்றாட்டு நடக்கும்போதே நடக்க ஆரம்பித்தால் எல்லார் கண்ணும் உங்கள் பின்னால் வரும். பலிபீடத்தைக் கடக்கும்போது இடுப்பிலிருந்து குனிந்து வணங்குங்கள். பீடப் பகுதியில் நற்கருணைப் பேழை இருந்தாலும், பணி செய்பவர்கள் திருப்பலியின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் முழந்தாளிடுவார்கள், நடுவில் இல்லை.

மேடையில் நின்றதும் உடனே தொடங்காதீர்கள். மக்கள் உட்காரும் சத்தம் அடங்கட்டும். "முதல் வாசகம்" என்ற தலைப்பையும், அதற்குக் கீழே உள்ள ஒருவரிச் சுருக்கத்தையும், அதிகாரம் வசன எண்களையும் வாசிப்பதில்லை. அவை உங்கள் கண்ணுக்கு. "இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்" என்பதே உங்கள் முதல் சொற்கள். அதை நூலில் உள்ளபடியே சொல்லுங்கள். எபிரேயர் திருமுகத்துக்கு "எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்திலிருந்து" என்றுதான் இருக்கும். பழக்க வேகத்தில் பவுலின் பெயரைச் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு.

அதன்பின் சின்ன நிறுத்தம், பிறகு வாசகம். முடிந்ததும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். அதற்குப் பிறகு தலை நிமிர்ந்து "ஆண்டவரின் அருள்வாக்கு". வாசகத்தின் கடைசி வரியோடு இதை ஒட்டவைத்தால் அதுவும் எசாயா சொன்னதாகிவிடும். மக்கள் நன்றி சொல்லிப் பதிலளித்த பின்னும் ஒரு நொடி நின்று, பிறகு நகருங்கள். வாசகத்துக்குப்பின் சற்று மௌனம் காப்பது திருப்பலி நூலின் விதிமுறையே கேட்பது. அந்த மௌனத்தை ஏதோ தவறு நேர்ந்துவிட்டதாக எண்ணி நிரப்பப் பார்க்க வேண்டாம்.

சொல் தவறிப்போனால் அந்தச் சொற்றொடரை மட்டும் சரியாக மறுபடி சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். "மன்னிக்கவும்" தேவையில்லை. வாசகமே மாறிப்போயிருப்பது முதல் ஓரிரு வரிகளில் தெரிந்தால் நிறுத்தி, சரியான பக்கத்தைத் தேடி எடுத்துப் புதிதாகத் தொடங்குங்கள். பாதிக்குமேல் போய்விட்டால் குருவைப் பாருங்கள், முடிவு அவருடையது.

ஒரே வாசகத்தை இருவர் பாதிப் பாதியாகப் பிரித்து வாசிக்கக்கூடாது. முதல் வாசகம் ஒருவர், இரண்டாம் வாசகம் இன்னொருவர் என்பது சரி. இதற்கு விலக்கு ஆண்டவருடைய பாடுகளின் வரலாறு: குருத்து ஞாயிறும் பெரிய வெள்ளியும் அதைப் பலர் பிரித்து வாசிக்கலாம், இயேசுவின் பகுதியைக் கூடுமானவரை குருவுக்கு விடுவார்கள். அதிக வாசகர்கள் தேவைப்படும் இரவு, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு. பழைய ஏற்பாட்டிலிருந்து 7, திருமுகம் ஒன்று, நற்செய்தி ஒன்று, ஆக 9 வாசகங்கள். குறைக்க நேர்ந்தாலும் செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயணம் 14-ஆம் அதிகாரத்தை விடமுடியாது. அன்று மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுத்து தெரியுமா என்பதையும் முன்பே சோதித்துவிடுங்கள்.

கூடவே வரும் மற்றவை

முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடல் திருப்பாடல்களிலிருந்து வருவது, அதுவும் இறைவார்த்தை. அதன் இடத்தில் வேறு பக்திப்பாடலைப் பாடக்கூடாது. பாட ஆளில்லாதபோது வாசகரே சொல்லலாம். பல்லவியை நீங்கள் ஒருமுறை சொல்ல, மக்கள் திருப்பிச் சொல்வார்கள்; பிறகு ஒவ்வொரு பத்திக்கும் பின் பல்லவி. மக்கள் எப்போது சேர வேண்டும் என்று தெரியாமல் விழிப்பதுதான் இங்கே வழக்கமான தடங்கல். பத்தியின் கடைசி வரியில் வேகத்தைக் குறைத்து நிமிர்ந்து பார்த்தால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நற்செய்திக்கு முன் வாழ்த்தொலி (வழக்கமாக அல்லேலூயா) பாடவேண்டியது, பாடாவிட்டால் விட்டுவிடலாம். தவக்காலத்தில் அல்லேலூயா இல்லை.

வாசகத்துக்கு முன்னுரை சொல்லும் இடங்களில் அதை வாசக மேடையில் நின்று சொல்வதில்லை. வேறோர் இடத்தில் நின்று சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வாக்கியம் போதும். முன்னுரை வாசகத்தைவிட நீளமாக இருந்தால், மன்னிக்க வேண்டும், அது இன்னொரு மறையுரை.

விசுவாசிகளின் மன்றாட்டைச் சொல்லும் பொறுப்பும் உங்களிடம் வரலாம். வழக்கமான வரிசை: திருச்சபைக்காக, நாட்டை ஆள்பவர்களுக்காகவும் உலகின் மீட்புக்காகவும், துன்புறுவோருக்காக, பங்குச் சமூகத்துக்காக. ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய நீளத்தில் இருக்கட்டும். முடிவு மன்றாட்டு குருவுக்குரியது.

வர முடியாமல் போனால் முதல் நாளே மாற்று ஆளுக்குச் சொல்லி, எந்த வாசகம், நீண்டதா குறுகியதா, எந்தப் பெயரை எப்படி ஒலிப்பது என்று குறித்த உங்கள் தாளையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.